அறுபது புட்டி இஞ்சிக் கலர்

அத்தியாயம் ஒன்பது

முதல் புட்டி காலை ஏழு மணிக்கு வெடித்தது.

ரத்னாபாய் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பின்பக்கத்துச் சாய்ப்பிலிருந்து டமார் என்று சத்தம் கேட்டதும் துருவியைப் போட்டுவிட்டு ஓடினாள். சாய்ப்பின் தரையெல்லாம் பச்சைக் கண்ணாடிச் சில்லு. நடுவில் கோலிக்குண்டு ஒன்று மட்டும் உடையாமல் உருண்டு போய்க்கொண்டிருந்தது. இஞ்சியும் கருப்பட்டியும் கலந்த மணம் மூக்கில் ஏறியது.

மற்றப் புட்டிகள் சாக்கின் மேல் வரிசையாகத் தலைகீழாக நின்றன. மீன மாதத்து வெயில் ஏழு மணிக்கே ஓட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவள் கிணற்றிலிருந்து இரண்டு வாளி நீர் இறைத்துச் சாக்கை நனைத்தாள். இன்னொன்று வெடித்தால் முகத்தில் படும் என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு புட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் குண்டு இறுகி நின்றது.

மாலை நாலு மணிக்கு இளைய மகள் லீலாபாய்க்கு நிச்சயம். நாளை ஞாயிறு ஆராதனையில் முதல் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்பவர் உண்டானால் சொல்லலாம் என்று சபையார் முன்னால் மூன்று ஞாயிறு வாசித்துவிட்டால் பிறகு யாரும் அசைக்க முடியாது. லீலாவுக்கு முன்பு வந்த சம்பந்தம் ஓலை வரைக்கும் வரவில்லை. அவளுடைய சித்தப்பா ராஜமணி விளவங்கோட்டில் கள்ளுக்கடை குத்தகை எடுத்தார் என்ற ஒரே காரணத்தால் அது முறிந்தது.

ஞானையன் ஒருவர்தான், "சித்தப்பன் கடைக்குப் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்டவர். சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா, சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர். அவர் தன் ஒரே மகன் சத்தியநேசனுக்கு லீலாவைக் கேட்டு வந்தபோது ரத்னாபாய் நம்பவே இல்லை. அவர் வைத்த நிபந்தனையும் ஒன்றுதான். "யுத்த காலம். விருந்து ஒண்ணும் வேண்டாம், சம்மந்தி. உங்க கையால இஞ்சிக் கலர் ஒரு கிளாஸ் போதும்."

யுத்தத்தால் பழவங்காடி சோடாக் கம்பெனிக்கு வாயு உருளை வருவது நின்று மாசம் மூன்றாகிவிட்டது. அவர்கள் சும்மா கிடந்த கோலிப் புட்டிகளை இரவலாகத் தந்தார்கள். இஞ்சியும் கருப்பட்டியும் வீட்டில் இருந்தது. இரண்டையும் புளிக்கவைத்துப் பொங்கச் செய்யும் உறைப் பரணியும் இருந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நேற்று மாலை மூத்தவள் செல்லபாய் வேலையிலிருந்து வரும்வரை. பி.எஸ்ஸி. படித்துவிட்டுப் பெண்கள் கல்லூரியின் ரசாயனச் சாலையில் வேலை பார்ப்பவள். கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து, "நாளைக்கு அந்தக் கலரை யாருக்கும் கொடுக்காதே அம்மா" என்றாள். ரத்னாபாய் காது கொடுக்கவில்லை. காலையில் பேசலாம் என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

இப்போது காலை.

செல்லபாய் சாய்ப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் அதே கைக்குட்டை.

"அம்மா, இப்பயாவது இதை மோந்து பாரு."

உள்ளே ஒரு சிறிய கண்ணாடிக் குழாய். அடியில் மஞ்சளாக ஒரு சிட்டிகைப் பொடி. செல்லபாய் தக்கையை எடுத்து அம்மாவின் மூக்குக்குக் கீழே பிடித்தாள்.

ரத்னாபாய் பின்னால் நகர்ந்தாள். ஆஸ்பத்திரி மணம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் கால் புண்ணோடு கிடந்த வார்டின் மணம். புண்ணில் வைக்கிற மஞ்சள் மருந்தின் மணம்.

"இது என்னத்துக்கு என் கலருக்குள்ளே வந்தது?"

"கலருக்குள்ளே இல்லை. கலரைக் காய்ச்சி, அந்த ஆவியைக் குளிரவச்சு எடுத்து, அதுல அயோடினும் காரமும் விட்டேன். இந்த மஞ்சள் இறங்கிச்சு. சாராயம் இருந்தா இப்படித்தான் இறங்கும்."

"எட்டி! மெல்லப் பேசு."

"மெல்லத்தான் பேசறேன்."

"நான் கள்ளு ஒரு சொட்டு சேர்க்கல்லையே மக்களே. உறை போட்டதே இஞ்சியும் கருப்பட்டித் தண்ணியும்தானே. மிஷன் பங்களாவிலே சமையலுக்கு நின்னப்போ அந்த வெள்ளைக்காரத் துரைச்சானி சொல்லித் தந்தது. அவங்களும் சங்கத்துல கையெழுத்துப் போட்டவங்கதான்."

"கள்ளே வேண்டாம் அம்மா. பனையிலே பதனி எப்படிக் கள்ளா ஆகுதோ, உன் பரணியிலேயும் அப்படித்தான். அந்த உறை கருப்பட்டியைத் தின்னுட்டு ரெண்டு சாமானம் வெளியே விடும். ஒண்ணு புட்டியை வெடிக்க வைக்கிற வாயு. மத்தது சாராயம். வாயு மட்டும் வா, சாராயம் வரவேண்டாம்னு சொல்ல முடியாது."

ரத்னாபாய் புட்டிகளைப் பார்த்தாள்.

"எவ்வளவு இருக்கும்?"

"நூத்துல ஒண்ணு. கூடினா ஒண்ணரை."

"அதுல யாரு மயங்கப் போறா?"

"யாரும் மயங்க மாட்டா. ஆனா, 'ஒரு துளியும் தொடேன்'னுதானே கையெழுத்து? நீயும் போட்டிருக்கே. அவரும் போட்டிருக்கார்."

அவரும். ஞானையனும். ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகையில் மற்றவர்கள் சேனையும் வாழைக்குலையும் கோழியும் காணிக்கை கொண்டுவந்தால், ரத்னாபாய் இரண்டு டஜன் இஞ்சிக் கலர் கொண்டுபோவாள். சபைக் கோயில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். முதல் புட்டியை எப்போதும் ஞானையன்தான் எடுப்பார். எல்லாரும் பார்க்கக் குண்டைத் தட்டி உடனே குடிப்பார். "குடிக்கணும்னு ஆசை வந்தா இதைக் குடியுங்க!" என்பார். ஏலப்பணம் முழுவதும் மதுவிலக்குச் சங்கத்துக்குப் போகும். பதினொரு வருஷமாக இப்படி.

"தெரியாம செஞ்சது பாவமாகாது" என்றாள், பாதி தனக்குத்தானே.

"நேத்து வரைக்கும் தெரியாது அம்மா."

"ஆமாட்டி. நீதானே தெரியவச்சே. ரெண்டு நாள் கழிச்சு மோந்து பாத்திருந்தா உன் ரசாயனம் கெட்டா போயிருக்கும்?"

செல்லபாய் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பாதி தலை பின்னியபடி லீலாபாய் வந்து நின்றதை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"செல்லக்கா, யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"சொல்லாதே." அவள் குரல் நடுங்கவில்லை. "மூணு ஓலை வாசிக்கட்டும். தாலி கட்டட்டும். அதுக்குப் பொறவு நீ கச்சேரி வாசல்ல நின்னு சொல்லு, நானும் கூட வந்து நிக்கேன். இன்னைக்கு மட்டும் வேண்டாம்."

"நான் சொல்லப்போறேன்னு யாரு சொன்னா? குடிக்கக் கொடுக்க வேண்டாம்னுதான் சொல்றேன். வேற கலர் செய்யலாம்."

"எதை வச்சு? வாயுதான் இல்லையே ஊருலே!"

"எலுமிச்சம்பழம் இருக்கு. ஆப்பச்சோடா இருக்கு."

செல்லபாய் மிச்சம் கிடந்த ஒரு டஜன் வெற்றுப் புட்டிகளில் ஒன்றைக் கழுவினாள். மூன்று எலுமிச்சம்பழத்தின் சாற்றில் இஞ்சி தட்டிய நீரும் சர்க்கரையும் விட்டுக் கழுத்து வரை நிரப்பினாள். மெல்லிய தாளில் ஆப்பச்சோடாவை வைத்துத் திரிபோல் முறுக்கிக் குண்டுக்குப் பக்கவாட்டில் உள்ளே நுழைத்தாள். சட்டென்று புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். குண்டு கீழே வந்து வாயில் இருந்த ரப்பர் வளையத்தில் அமர்ந்தது. உள்ளே சீறியது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

"சோடாவுக்குப் புளிப்பு கிடைச்சா அந்த நிமிஷமே வாயு வரும். உறை வேண்டாம், மூணு நாளும் வேண்டாம். சோடா ஒரு நுள்ளு கூடினாத்தான் ஆபத்து, புட்டி தாங்காது."

கால் மணி கழித்துத் திறந்தார்கள். ப்ஸ் என்று சத்தம் வந்தது. ரத்னாபாய் ஒரு மடக்குக் குடித்தாள்.

"உப்புக் கரிக்குது."

"கொஞ்சம் கரிக்கும்."

"சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு."

"கொஞ்சம் சாறு கூட்டினா சரியாகும் அம்மா. வீட்டிலே ஒம்பது பழம்தான் இருந்தது. மூணு இதுலே போச்சு. நான் பழவங்காடிக்குப் போய் ஒரு கூடை வாங்கிட்டு வரேன். பத்து மணி பஸ் கிடைச்சா பன்னிரண்டுக்கு வந்திருவேன். ரெண்டு பேருமா பிழிஞ்சா நாலு மணிக்குள்ளே ஆகும்."

ரத்னாபாய் சாய்ப்பைப் பார்த்தாள். ஊற்றிக் கொட்ட வேண்டிய ஐம்பத்தொன்பது புட்டிகள். ஒவ்வொன்றையும் மூன்று நாள் தலைகீழாக வைத்து, விரலால் தட்டிப் பார்த்து, பிள்ளை வளர்ப்பதுபோல் பார்த்துக்கொண்டது.

"போயிட்டு வா. வந்ததுக்குப் பொறவு கொட்டலாம்."

இதுதான் அன்று அவள் செய்த தவறு. முதலில் கொட்டியிருக்க வேண்டும்.

பன்னிரண்டுக்குச் செல்லபாய் வரவில்லை. கரியில் ஓடுகிற பஸ், கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் நின்றுபோனது பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டரைக்கு வந்தது தங்கபாய்.

ஞானையனின் தங்கை. அண்ணன் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டை நடத்துகிறவள். பூத்தட்டு இரண்டும் ஒரு வேலைக்காரியுமாக வந்து இறங்கினாள்.

"மைனி, என்னடா இவ முந்தியே வந்துட்டாளேன்னு நினைக்காதீங்க. பூ வாடிரும் அல்லே, அதான்" என்றபடி நேராக அடுக்களைக்கு வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். "அடுப்புல ஒண்ணும் இல்லையே?"

"உங்க அண்ணன் விருந்து வேண்டாம்னுட்டாரு மைனி."

"அது அவருக்கு எளுப்பம். நாலு பேரு வாயில விழுறது நானல்லவா?" முந்தானையால் விசிறிக்கொண்டாள். "தொண்டை வரளுது. அந்தப் பேரு பெற்ற கலர்ல ஒண்ணு எடுங்க, பாப்போம்."

"இளநீர் வெட்டித் தரட்டுமா?"

"இளநீர் எங்க வீட்டிலே இல்லையா?"

ரத்னாபாய் நகரவில்லை. தங்கபாய் தானே எழுந்தாள். சாய்ப்புக் கதவு திறந்திருந்தது. குனிந்து ஒரு புட்டியை எடுத்துக் கட்டைவிரலால் குண்டை அழுத்தினாள். நுரை பொங்கி அவள் முழங்கை வரை வழிந்தது. சிரித்துக்கொண்டே குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். புட்டியின் வாயை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மைனி."

"என்ன?"

"பனங்காட்டு வழியா நடந்தா வருமே, அந்த மணம்லா அடிக்குது."

"கருப்பட்டி மணம்."

"கருப்பட்டி மணம் எனக்குத் தெரியாதா? எங்க அப்பன் வீட்டுப் பின்னால பத்துப் பனை நின்னது." புட்டியைத் தரையில் வைத்தாள். "ராஜமணி வந்துட்டுப் போனாரா இங்கே?"

ரத்னாபாயின் முகம் சிவந்தது. "அவரு இந்த வாசல் மிதிச்சு ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? தெரியாமத்தானே கேக்கேன்." தங்கபாய் மீதியைக் குடிக்கவில்லை. கொட்டவும் இல்லை. அந்தப் பாதிப் புட்டியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பூத்தொடுக்க உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அடுக்களையை விட்டு எழவே இல்லை. அவள் கண்முன்னால் ஒரு புட்டியைக்கூடக் கொட்ட முடியாது. கொட்டினால் சந்தேகம் நிச்சயமாகிவிடும்.

செல்லபாய் மூன்று மணிக்கு, பழக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரமனை வீடு வரை நடந்தே வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் கரிப்புகை. ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். கிணற்றடியில் தனியாக உட்கார்ந்து பிழிந்தாள். அவளால் ஒரு டஜன்தான் ஆயிற்று. அதற்குள் வாசலில் வண்டிகள் வந்து நின்றன.

முப்பது பேர் வந்தார்கள். போதகர் ஐயர் நெய்யாற்றின்கரையில் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார். அதனால் ஜெபமும் ஞானையனே செய்வதாக ஏற்பாடு. வெள்ளை ஜிப்பாவும் மடித்த அங்கவஸ்திரமுமாக அவர் நடுக்கூடத்தில் நின்றார். உயரமான மனிதர். பக்கத்தில் நாற்காலியில் சத்தியநேசன், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். உள்ளறைக் கதவிடுக்கில் லீலாவின் பட்டுச் சேலைக் கரை தெரிந்தது. சிறிய மேசைமேல் ஓலைக் காகிதம். இரு வீட்டாரும் அதில் கையெழுத்துப் போட்டு ஒப்பு வைத்தால் ஐயர் நாளைக் காலை வாசிப்பார்.

வழக்கப்படி முதலில் ஜெபம், பிறகு பானம், பிறகு ஒப்பு.

வேலைக்காரி தட்டில் கிளாஸ்களை அடுக்கினாள். செல்லபாய் தன் ஒரு டஜனை முன்னால் நகர்த்தினாள். ஆனால் தங்கபாய் கருப்பட்டி நிறத்துப் புட்டிகளைத்தான் எடுத்து ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்ததும் கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, குடிக்கதுக்கு முன்னால ஒரு காரியம் கேட்டுக்கோ."

"என்ன?"

"இதுல கள்ளு உண்டான்னு."

கூடத்தில் யாரோ ஒருவர் இருமினார்.

ஞானையன் தங்கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தங்கம், பதினொரு வருஷமா சபை முற்றத்துல முதல் புட்டி எடுக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நான் மோந்து பாத்தேன் அண்ணே. ராஜமணி குடும்பமாக்கும் இது. ஒரு வார்த்தை கேக்கிறதுல என்ன குறைஞ்சு போச்சு?"

"சரி. உன் திருப்திக்கு." அவர் ரத்னாபாய் பக்கம் திரும்பினார். குரல் கனிவாகவே இருந்தது. "சம்மந்தி, இவ வாயை அடைக்கணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இதுல கள்ளு சேர்த்திருக்கா?"

எல்லாக் கண்களும் ரத்னாபாய் மேல். கதவிடுக்கில் பட்டுக்கரை அசையாமல் நின்றது.

"கள்ளு ஒரு சொட்டும் சேர்க்கல்லை."

உண்மை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லியிருக்கலாம்.

"கேட்டியா தங்கம்?" என்றார் ஞானையன். கூடத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. யாரோ, "பெண்ணுங்களுக்கு மூக்கு நீளம்" என்றார்கள், சிரிப்பு எழுந்தது. தங்கபாயின் முகம் தொங்கியது. எல்லார் கையிலும் கிளாஸ் வந்தது. ரத்னாபாய் செல்லபாயைப் பார்க்கவில்லை. செல்லபாயும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் லீலா கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றுகிறாள்.

முடிந்தது என்று ரத்னாபாய் நினைத்தாள். இன்னும் ஒரு ஜெபம். ஒரு மடக்கு. ஒரு ஒப்பு.

ஞானையன் வலக்கையில் கிளாஸை உயர்த்திக் கண்ணை மூடினார்.

"பரம பிதாவே, இந்த வீட்டுக்காகவும் இந்த விதவைத் தாய்க்காகவும் ஸ்தோத்திரம். குடியினாலே எத்தனையோ வீடுகள் அழிந்துபோன இந்த நாட்டிலே, மயக்கமில்லாத இந்தப் பானத்தை உமது தாசியின் கையினாலே எங்களுக்குத் தந்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். இது சுத்தமானது என்று உமக்கு முன்பாகச் சாட்சி சொல்லுகிறோம். இதைப் போலவே இந்தப் பிள்ளைகளின் வாழ்வும் சுத்தமாயிருப்பதாக. இயேசுவின் நாமத்திலே, ஆமென்."

"ஆமென்" என்றது கூடம்.

ரத்னாபாயின் உதடு பிரிந்தது. சத்தம் வரவில்லை.

கள்ளைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். அது மனுஷருக்குச் சொன்னது. இதுவோ சாட்சி. அவள் பெயரில், அவளுக்குப் பதிலாக, இன்னொருவர் வாயால்.

ஞானையன் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க."

அவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் நின்றார்.

"குடிக்காதீங்க சம்மந்தி. கள்ளு சேர்க்கல்லை. அது நெசம். ஆனா உறையிலேயே சாராயம் ஊறுது. கொஞ்சமா. எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது. செல்லம் ரசாயனச் சாலையிலே பாத்துச் சொன்னா. தெரிஞ்சுதான் நான் இப்போ வாய மூடிட்டு நின்னேன்."

உள்ளறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

ஞானையன் செல்லபாயைப் பார்த்தார். "அம்மா சொல்றது நெசமா, பிள்ளே?"

"நெசந்தான்." செல்லபாய்க்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கைக்குட்டையை முறுக்கினாள். "நூத்துல ஒண்ணு."

"இன்னைக்குச் செய்ததுல மட்டுமா?"

செல்லபாய் தலையை மட்டும் இல்லை என்று அசைத்தாள்.

ஞானையன் கிளாஸைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தேடித் தடவி உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்தில் அவருக்குப் பத்து வயது கூடினாற்போல இருந்தது.

"பதினொரு வருஷம்" என்றார். "குடிகாரனைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, கையெழுத்து வாங்கி, இந்தக் கலரைத்தான் கையிலே கொடுத்தேன். இனி இதைக் குடிலேன்னு. அம்பது பேரு இருக்குமா? நூறு பேரு?" மகன் பக்கம் திரும்பினார். "நீ குடிச்சியா?"

சத்தியநேசன் கையில் கிளாஸ் பாதி காலியாக இருந்தது. ஜெபம் முடியும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. "குடிச்சேன் அப்பா" என்றான். சிரிப்பு வரவேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்குச் சபைக்கு முன்னால சொல்லணும்" என்றார் ஞானையன்.

முதலில் பதறியது தங்கபாய்தான்.

"அண்ணே! சபைக்கு முன்னாலயா? உனக்குக் கிறுக்கா?"

"நீதானே கேக்கச் சொன்னே."

"நான் அவங்களைக் கேக்கச் சொன்னேன். உன்னையா சொல்லச் சொன்னேன்? நம்ம மானம் என்னாகும்? நூத்துல ஒண்ணு, அது ஒரு கணக்கா? பனம்பழம் கனிஞ்சா அதுலயும்தான் மணக்கும். பேசாம ஒப்பைப் போடு. வந்தவங்க எல்லாம் நம்ம ஆளுகதான், வெளியே போவாது. மைனி, நீங்களாவது சொல்லுங்க!"

மைனி என்று அவள் இவ்வளவு உருக்கமாக இதற்குமுன் கூப்பிட்டதில்லை.

ஞானையன் எழுந்தார். மேசைமேல் இருந்த ஓலைக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து ஜிப்பாப் பையில் வைத்தார். ஒப்பு விழாத காகிதம்.

"சம்மந்தி, நாளைக்கு ஆராதனைக்கு முன்னால நான் எழுந்து நிப்பேன். நீங்களும் என் பக்கத்திலே வந்து நிக்கணும். பரணி உங்களுது, வாய் என்னுது. ரெண்டு பேருமாச் சொல்லணும். அதுக்குப் பொறவு இந்தக் காகிதத்தைப் பத்தி யோசிக்கலாம்."

"யோசிக்கிறதுன்னா?" ரத்னாபாய் கேட்டாள்.

அவர் அங்கவஸ்திரத்தைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். கோபம் இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். படியிறங்கி நடந்தார். சத்தியநேசன் எழுந்தான், உள்ளறைக் கதவை ஒரு தடவை பார்த்தான், அப்பாவுக்குப் பின்னால் போனான். ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் கிளாஸ்களை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

ஐந்து மணிக்கு ரத்னாபாய் கொட்ட ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு புட்டியாகக் குண்டை அழுத்தி, தென்னையின் அடிமூட்டில் சரித்தாள். நுரை மண்ணில் சீறி அடங்கியது. செல்லபாய் கூடவே உட்கார்ந்து கழுவினாள்.

லீலா பட்டுச் சேலையை மாற்றியிருக்கவில்லை. தலையில் பூ அப்படியே இருந்தது. அழுததாகவும் தெரியவில்லை. வந்து அம்மாவுக்கு எதிரே நின்றாள்.

"எனக்காக ஒரு ஆமென் சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?"

"சொல்லத்தான் பாத்தேன், மக்களே. வரல்லை."

"மூணு எழுத்துதானே."

ரத்னாபாய் கையிலிருந்த புட்டி வழிந்துகொண்டிருந்தது. "என் மேலே கோவமா?"

"உன் மேலே கோவப்பட்டு என்ன செய்ய? நீ பொய் சொல்லத் தெரியாதவ." லீலா உதட்டைக் கடித்தாள். "அவர் ஒரு வார்த்தை பேசல்லையேம்மா. பாதிக் கிளாஸ் குடிச்சாரு. குடிச்சேன்னு அப்பாகிட்டச் சொன்னாரு. என்கிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு."

"அது அந்த நேரத்துலே..."

"நாளைக்கு நீயும் அவர் அப்பாவும் சபையிலே நின்னு சொல்லுவீங்க. சொன்னதுக்குப் பொறவு ஊரே அந்த ஓலையைப் பத்திப் பேசும். அவர் மனசு எனக்கு அதுக்கு முன்னால தெரியணும்."

அவள் செல்லபாயின் பக்கத்தில் இருந்த எலுமிச்சை நிறத்துப் புட்டிகளில் ஒன்றை எடுத்தாள். துண்டால் சுற்றினாள்.

"இது எதுக்குட்டி?" என்றாள் செல்லபாய்.

"இதுல ஒண்ணும் இல்லைன்னு நீதானே சொன்னே? அவர் வீட்டுக்குக் கொண்டுபோறேன். வேணும்னா என் முன்னால வாங்கிக் குடிக்கட்டும். வேண்டாம்னா என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

"லீலா! நிச்சயம்கூட முடியாத பெண்ணு, பட்டப்பகல்லே பையன் வீட்டு வாசல்ல..." என்றாள் ரத்னாபாய்.

"நிச்சயம் முடிஞ்சிருந்தா நான் ஏன் போறேன்?"

பின்வாசல் படலைத் திறந்தாள். சாலை முழுக்கச் சனிக்கிழமைக் கூட்டம், அக்கிரகாரத்துப் பெண்கள் ஆற்றுக்குப் போகிற நேரம். பட்டுச் சேலையும் தலைநிறையப் பூவும் இடுப்பில் ஒரு சோடாப் புட்டியுமாக ஒரு பெண் தனியாக நடந்தால் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

ரத்னாபாய் எழுந்தாள். முழங்கை வரை ஈரம். கூப்பிட்டால் லீலா நின்றுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கூப்பிடுகிற தூரத்தில்தான் இருந்தாள்.

அவள் கூப்பிடவில்லை.